சேவகன் பூட்டப்பட்டார்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, நூற்றுப் பன்னிரண்டு ஊர்களின் பால் நல்லாற்றுக் கூட்டுறவு ஒன்றியத்தின் வாசலில் வந்து நின்றபோது, சேவகனைக் காணவில்லை.

கணினித் திரை அதைத்தான் சொன்னது. 'சேவகன்: கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. அனுமதி இல்லை.' கணினிப் பிரிவில் இருந்த நால்வரும் அதை வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு ஆளுக்கொரு திசையாகச் சேவகனைத் தேடிப் போனார்கள்.

பிரிவுத் தலைவர் தாண்டவமூர்த்தி கேன்டீனில் தேடினார். நாச்சிமுத்து சைக்கிள் ஸ்டாண்டில் தேடினார். எபனேசர், காலாவதி என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கிப்போய், அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "எங்க ஆபீஸ்ல சேவகன்னு ஒருத்தருங்க. காலாவதி ஆயிட்டார்னு தகவல் வந்துச்சு. அங்கே கொண்டாந்தாங்களா?" செல்லக்கண்ணு மட்டும் எங்கும் போகவில்லை. "எல்லாரும் தேடப் போயிட்டா, அவரு வர்றப்ப யாரு பார்க்கறது?" என்று கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இந்த நால்வரும் கணினிக்குப் படித்தவர்கள் அல்லர். ஒன்றியம் முதன்முதலில் கணினி வாங்கியபோது, ஒவ்வொரு பிரிவும் தன்னால் விட்டுக்கொடுக்க முடிந்த ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டார்கள். தயிர்ப் பிரிவு நாச்சிமுத்துவை மறுபேச்சில்லாமல் தந்தது. நெய்ப் பிரிவு எபனேசரைத் தந்துவிட்டு, அன்று மாலை எல்லாருக்கும் கேசரி கொடுத்தது. செல்லக்கண்ணுவைக் கொண்டுவந்து விட்டது பால் பரிசோதனைப் பிரிவு. பத்திரமாகச் சேர்ந்தாளா என்று பின்னாலேயே ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். தாண்டவமூர்த்தியை எந்தப் பிரிவும் தரவில்லை. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று யாருக்கும் தெரியாததால் அவரைத் தலைவராகப் போட்டார்கள்.

கணினியை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் ப்ரணேஷ், சென்னையிலிருந்து போனிலேயே அன்றைய கோளாறைச் சரிசெய்தான். பிறகு விளக்கினான்.

"சார், உங்ககிட்ட ரெண்டு சர்வர் இருக்கு. ஒண்ணுல ஊர் ஊரா வர்ற பால் கணக்கு ஏறும். இன்னொண்ணுல இந்த ஆபீஸ்ல யார் யாருன்னு பேர் எல்லாம் இருக்கும். பால் சர்வர் காலையில எந்திரிச்சதும் பேர் சர்வர்கிட்ட போயி, 'நான்தான் சேவகன், என் பாஸ்வேர்டு இது'ன்னு சொல்லணும். அது சரின்னு சொன்னாத்தான் கதவு திறக்கும். புரியுதா?"

"புரியுது தம்பி. சேவகன் எந்த ஊர்க்காரரு?"

"சேவகன்னு ஆளே கிடையாது சார். அது வெறும் பேரு. சர்வீஸ் அக்கவுண்ட்."

"ஆளே இல்லாம வேலை பார்க்கறாரா?"

"ஆமா சார்."

தாண்டவமூர்த்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் திரும்பினார். "ஆளே வராம வேலை நடக்குதாமப்பா. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்பத்தான் இப்படி ஒரு ஸ்டாஃபைப் பார்க்கறேன்."

ப்ரணேஷ் அடுத்த முறைக்கான விதிகளைச் சொன்னான். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் காலாவதியாகும். அதற்குள் மாற்றிவிட வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கடினமான சொல்லாக வைக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நால்வரும் ஆளுக்கொரு விதியை மனப்பாடம் செய்துகொண்டார்கள். காலாவதி நாச்சிமுத்துவுக்கு. ஒரே நேரம் தாண்டவமூர்த்திக்கு. கடினம் செல்லக்கண்ணுவுக்கு. யாரிடமும் சொல்லாதிருப்பது எபனேசருக்கு. அவர் அன்றிலிருந்து வீட்டில்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குப் பொது மேலாளர் மங்கையர்க்கரசி வந்தார். வாசலில் வண்டிகள் இன்னும் முழுதாகக் கலையவில்லை. அவர் உட்காரவில்லை.

"தாண்டவமூர்த்தி, இன்னொரு தடவை கொள்முதல் நின்னுச்சுன்னா, காரணமானவங்களைக் கல்லாங்குத்துத் தீவனக் கிடங்குக்கு அனுப்பிடுவேன்."

தாண்டவமூர்த்திக்கு உடனே மூக்கு அரித்தது. தவிட்டுத் தூசி அவருக்கு ஆகாது. தீவன லாரி ரோட்டில் போனாலே ஏழெட்டுத் தும்மல் போடுவார். ஒருமுறை ஆய்வுக்கென்று அந்தக் கிடங்குக்குப் போய், கண் வீங்கி, குரல் கட்டி, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவரை மனைவி யாரோ என்று நினைத்து வாசலிலேயே வைத்து "என்ன வேணும்?" என்று கேட்டாள். ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. நாலு வருஷம் அந்தக் கிடங்கில் இருந்தால் பென்ஷனை வாங்கத் தான் இருக்க மாட்டோம், மூக்கு மட்டும்தான் இருக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அதனால் அன்று மாலையே கூட்டம் போட்டார்.

"மொதல்ல ஒரு சந்தேகமுங்க," என்றாள் செல்லக்கண்ணு. "அதுக்குப் பேரே கடவுச்'சொல்'. சொல், சொல்லுன்னு அதுவே கேட்குது. சொல்லக் கூடாதுன்னா எப்படிங்க?"

கூட்டம் அயர்ந்துபோனது. இது யாருக்கும் தோன்றவில்லை.

எபனேசர் வாயைத் திறந்தார். "அதுக்குச் சொல்லணும். ஆளுங்ககிட்ட சொல்லக் கூடாது."

"சேவகன்கிட்ட?"

"சேவகன் ஆளில்லை. சொல்லலாம்."

"அவரு வேற யார்கிட்டயாவது சொல்லிட்டா?"

அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

நாச்சிமுத்து எழுந்தார். காலாவதி அவருடைய விதி. தயிர்ப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவர். "ஏனுங்க, நம்ம எதுக்கு அதை மாத்தணும்? கெட்டுப்போனாத்தானே மாத்தணும்? பால் வெளியில வச்சா அரை நாள். ஏசி ரூம்ல ஒரு நாள். குளிர் அறையில வச்சா அஞ்சு நாள். வெண்ணெயை உறைநிலையில வச்சா வருஷக்கணக்குல நிக்குது. கடவுச்சொல்லு இந்த வெயில்லயே தொண்ணூறு நாள் தாங்குதுன்னா, குளிர்ல வச்சா எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க."

தாண்டவமூர்த்தி கணக்குப் போட்டார். அவர் ஓய்வுபெறும் வரைக்கும் தாங்கும் போல இருந்தது. இந்த ஆளைத் தயிர்ப் பிரிவு எப்படி விட்டது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பேர்ப்பெட்டியைக் கேன் ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்துக் குளிர் அறைக்கு ஓட்டிப்போனார்கள். இப்போது அவர்கள் பேர் சர்வரைப் பேர்ப்பெட்டி என்றும் பால் சர்வரைப் பால்பெட்டி என்றும் அழைத்தார்கள். கேபிள் எட்டாததால் நாலு சுவரில் துளை போட வேண்டியிருந்தது. தயிர்க் கூடைகளுக்கு நடுவே பெட்டி உட்கார்ந்தது. குளிர் அறைக் காவலாளி, பொருளின் பெயர் என்ன, எத்தனை நாள் இருப்பு என்று கேட்டான். "கடவுச்சொல், ஒண்ணு. நாலு வருஷம்," என்றார் நாச்சிமுத்து.

அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் ஒன்றியத்தில் நிம்மதியாக இருந்தது. நாச்சிமுத்து தினமும் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்குதுங்க," என்று வந்து சொல்வார்.

பிறகு ஒருநாள் திரை பேசியது. 'சேவகனின் கடவுச்சொல் இன்னும் ஏழு நாளில் காலாவதியாகும்.'

"குளிர் பத்தலை," என்றார் நாச்சிமுத்து.

பெட்டியை வெண்ணெய் அறைக்கு மாற்றினார்கள். அங்கே உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட வேண்டும். பெட்டியின் மேல் வெள்ளையாகப் பனி படிந்தது. 'இன்னும் ஐந்து நாள்' என்றது திரை.

"காலண்டரை நிறுத்திப் பார்க்கலாமுங்க," என்றாள் செல்லக்கண்ணு. பிரிவில் தினசரித் தாள் கிழிப்பவள் அவள்தான். மறுநாள் கிழிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிழிக்கவில்லை. கணினிப் பிரிவில் தொடர்ந்து புதன்கிழமையாகவே இருந்தது. எபனேசர் புதன்கிழமை விரதக்காரர். மூன்று நாளாக மதியம் சாப்பிடாமல் தலை சுற்றி உட்கார்ந்திருந்தார். ஆனால் திரை 'இன்னும் இரண்டு நாள்' என்றது.

"அதுகிட்ட வேற காலண்டர் இருக்குது," என்றார் தாண்டவமூர்த்தி கசப்பாக. "இனி மாத்தித்தான் ஆகணும்."

காலைப் பால் ஏற்றி முடிந்து, மாலைப் பால் வருவதற்கு முன்பு, மதியம் மாற்றுவதென்று முடிவானது. எபனேசர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெண்ணெய் அறையில் பேர்ப்பெட்டியின் முன் நிற்பார். நாச்சிமுத்து பிரிவில் பால்பெட்டியின் முன் உட்காருவார். ஒரே நேரம் என்பது தாண்டவமூர்த்தியின் விதி ஆதலால் அவர் நடைபாதையின் நடுவில் நின்று விசில் ஊதுவார். இதற்காக வாட்ச்மேனிடமிருந்து விசில் கடன் வாங்கினார்.

"கடினமா வையுங்க," என்று செல்லக்கண்ணு இரண்டு பக்கமும் ஓடிப்போய் நினைவூட்டினாள். "லேசான சொல்லு வேண்டாம்."

"எங்கிட்ட இருக்கறதுலயே கடினமானதைத்தான் போடப் போறேன்," என்றார் நாச்சிமுத்து.

விசில் ஊதியது. இருவரும் அடித்தார்கள். ஒரு விநாடிகூடப் பிந்தவில்லை. தாண்டவமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு கச்சிதமாக ஒரு காரியம் தன் தலைமையில் நடந்ததாக அவருக்கு நினைவில்லை. அவர் நேராகப் பால்பெட்டியிடம் வந்து பார்த்தார்.

'சேவகன்: தவறான கடவுச்சொல்.'

"தப்புங்குதே. நாச்சிமுத்து, நீ என்ன போட்டே?"

நாச்சிமுத்து எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லக் கூடாதுங்களே."

"எபனேசர்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்டயும்னு சொன்னாங்க. அவரும் யாருதானுங்க?"

தாண்டவமூர்த்தி வெண்ணெய் அறைக்குப் போனார். எபனேசர் உதடு நீலமாக, பற்கள் கிட்டிப்போய் நின்றிருந்தார். "நீ என்னப்பா போட்டே?" என்று கேட்டதற்கு அவர் தலையை இடவலமாக ஆட்டினார். குளிருக்கா, விதிக்கா என்று தெரியவில்லை.

கூட்டம் நடைபாதையிலேயே நடந்தது.

"ரெண்டு பேரும் வேற வேற சொல்லு போட்டிருக்கீங்க," என்றாள் செல்லக்கண்ணு. "அதான் பெட்டிக ஒத்துப்போகலை."

"அதுக்கென்ன," என்றார் எபனேசர், வெளியே வந்து கொஞ்சம் சூடேறியதும். "சொல்லாமலே கண்டுபிடிக்கலாம். நாச்சிமுத்து அண்ணனை எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்? அவரு என்ன போட்டிருப்பார்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் உங்களைத் தெரியுமுங்க," என்றார் நாச்சிமுத்து.

இருவரும் கண்ணியமாகத் தலையசைத்துக்கொண்டு தத்தம் பெட்டிக்குத் திரும்பினார்கள். விசில் ஊதியது.

நடந்தது இதுதான். முதல் முறை நாச்சிமுத்து அடித்தது 'மயிலை'. அது அவர் வீட்டுக் காளையின் பெயர். அந்தச் சுற்று வட்டாரத்தில் அதைவிடக் கடினமான பிராணி கிடையாது; கால்நடை டாக்டரே அதன் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஊசியை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். எபனேசர் அடித்தது 'தேவசகாயம்'. அது அவர் மைத்துனர். தங்கை கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத மனிதர். இப்போது இரண்டாம் முறை, நண்பரை நன்றாக அறிந்த எபனேசர் 'மயிலை' என்று அடித்தார். அதே நேரத்தில் நாச்சிமுத்து 'தேவசகாயம்' என்று அடித்தார்.

'தவறான கடவுச்சொல்.'

"அவரு என் சொல்லுக்கு வந்துட்டாரு போலிருக்குது," என்று மனம் நெகிழ்ந்தார் நாச்சிமுத்து. "நான் பழையபடி போட்டுடறேன்." இந்த நெகிழ்ச்சி வெண்ணெய் அறையிலும் ஏற்பட்டிருந்தது. விசில் ஊதியது. இருவரும் பழையபடி போட்டார்கள்.

இப்படி மயிலையும் தேவசகாயமும் ஒன்றையொன்று தாண்டிப் போய்வந்துகொண்டே இருந்தன. இடையில் தாண்டவமூர்த்திக்கு ப்ரணேஷ் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. 'அப்பவும் சரியாகலைன்னா சர்வீஸை நிறுத்திட்டு மறுபடி கிளப்புங்க.'

"நிறுத்தணும்பா!" என்று அவர் கத்தினார். படுக்கை வாட்டத்தில் கிடந்த பால்பெட்டியை நாச்சிமுத்துவும் அவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். "இப்ப கிளப்பு."

நாச்சிமுத்து, உழவில் படுத்துவிட்ட மாட்டைக் கிளப்புகிற பழக்கத்தில், பெட்டியின் பின்பக்கம் போய் வயரைப் பிடித்து முறுக்கினார்.

திரை ஒருமுறை இமைத்தது. புதிய வாசகம் வந்தது.

'சேவகன் பூட்டப்பட்டார். நிர்வாகியை அணுகவும்.'



"அடப்பாவமே," என்றாள் செல்லக்கண்ணு. "எந்த ரூம்ல?"

பூட்டு ரிப்பேர்க்காரரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். நாச்சிமுத்துவும் செல்லக்கண்ணுவும் அவரை முன்னால் விட்டு, கட்டடத்தில் பூட்டியிருந்த ஒவ்வொன்றையும் திறந்தார்கள். ஸ்டோர் ரூம், ரசாயன அறை, பழைய கோப்பு அறை, நெய் லாக்கர். சைக்கிள் ஸ்டாண்டில் பதினோரு சைக்கிள்கள். திறக்கும் முன் ஒவ்வொரு கதவையும் தட்டி, "சேவகன் சார், உள்ளே இருக்கீங்களா?" என்று செல்லக்கண்ணு கேட்டாள். பெண்கள் கழிப்பறையில் உள்பக்கம் தாழ் போட்டிருந்த ஒருவர், "இல்லை!" என்று கோபமாகப் பதில் சொன்னார். அதுதான் அன்று கிடைத்த ஒரே தகவல்.

தாண்டவமூர்த்தி வாசகத்தின் இரண்டாம் பாதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பொது மேலாளரின் அறைக்குள் போனார். மங்கையர்க்கரசி ரயிலுக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். தாண்டவமூர்த்தி மேசை வரைக்கும் வந்தார். மேசையைச் சுற்றி வந்தார். அவருடைய நாற்காலியை ஒட்டி நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"ஒண்ணுமில்லாம ஏன் இப்படி வந்து நிக்கறீங்க?"

"நிர்வாகியை அணுகச் சொல்லியிருக்குதுங்க. இதுக்கு மேல அணுக முடியாது. சுவரு வந்துருச்சு."

இதற்குள் மாலைப் பால் வந்துவிட்டது. வண்டிகள் தார் ரோடு வரைக்கும் நின்றன. ஒரு டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து கூவினார். "ஏனுங் மேடம், இன்னும் செத்த நேரம் ஆனா பாலு தயிராயிரும். தயிரைக் கடைஞ்சு மோராக்கிப் போடறோம். ஒன்றியத்து வாசல்லயே மோர்ப்பந்தல் போட்டுட்டு வீட்டுக்குப் போறமுங்க!"

மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தார். கைக்கணக்கில் பாலை இறக்கச் சொன்னார். ஒவ்வொரு கேனாகத் தூக்கி, நிறுத்து, சீட்டுக் கிழித்துக் கொடுத்து, கடைசி வண்டி போவதற்குள் இருட்டிவிடும் என்று தெரிந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னது பலர் காதிலும் விழுந்தது.

"தப்பான பாஸ்வேர்டு போட்டது யாருன்னு அந்தக் கம்ப்யூட்டரே சொல்லுமில்ல? பாருங்க. அந்தப் பேரைப் போட்டு, கல்லாங்குத்துக்கு மாறுதல் உத்தரவு டைப் அடிச்சு என் மேசையில வைங்க. ஒருத்தர்னா ஒருத்தர். நாலு பேருன்னா நாலு பேர். யாரு எவருன்னு நான் பார்க்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுருவேன்."

தாண்டவமூர்த்தி திரைக்கு முன் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு ஏற்கெனவே இரண்டு தும்மல் வந்திருந்தது. மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள். குற்றப்பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் தன் பெயரைத் தேடினார். அவர் நேர்மையானவர், இருந்தால் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார்.

'தவறான கடவுச்சொல்: சேவகன்.' அடுத்த வரி. 'தவறான கடவுச்சொல்: சேவகன்.' கீழே வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். அத்தனையும் சேவகன்.



"அவரா?" என்றார் எபனேசர். "இத்தனை தடவையா?"

"ஆளு வராம இருந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றார் நாச்சிமுத்து.

தாண்டவமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. தன் மூக்கைக் காப்பாற்ற இன்னொருவர் மூக்கைக் கொடுப்பதா? "பாவம்பா. குடும்பம் குட்டி இருக்குமோ என்னவோ."

செல்லக்கண்ணு அதே திரையில், பேர்ப்பெட்டியிலிருந்த சேவகனின் விவரத்தைத் தட்டிப் பார்த்தாள். "துணைவர், காலியா இருக்குதுங்க. வாரிசு, காலியா இருக்குது. முகவரி, காலி."

"ஒண்டி ஆளு," என்றார் எபனேசர்.

"அப்ப சரி," என்றார் தாண்டவமூர்த்தி. "பிள்ளைக படிப்புக் கெடாது. ஒண்டி ஆளை மாத்தறதுதான் நியாயம்." உத்தரவை அவரே டைப் அடித்தார். மங்கையர்க்கரசி திரும்பிவந்து, சொன்ன சொல் தவறாமல், பெயரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ப்ரணேஷ் இம்முறை நேரில் வந்தான். பேர்ப்பெட்டி எங்கே என்று கேட்டதும் அவனுக்கு ஸ்வெட்டரைக் கொடுத்தார்கள். வெண்ணெய் அறையில் அவன் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். குளிரில் வாய் ஒட்டிக்கொண்டதாக நினைத்து நாச்சிமுத்து வெந்நீர் எடுத்துவந்தார்.

பெட்டி பழைய இடத்துக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் அவன் வேலையை முடித்தான்.

"சார், சேவகனை எடுத்துட்டேன்," என்றான்.

"தெரியும் தம்பி. ஆர்டர் வந்துருச்சு."

ப்ரணேஷ் அதைப் பற்றி எதுவும் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான். "அதுக்குப் பதிலா வேற அக்கவுண்ட் போட்டிருக்கேன். இது தன் பாஸ்வேர்டைத் தானே மாத்திக்கும். நீங்க யாரும் எதுவும் பண்ண வேண்டாம்."

"என்னன்னு மாத்தும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

எபனேசர் எழுந்து நின்றார். தன் விதியைத் தன்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றுகிற ஒருவரை அவர் அன்றுதான் கண்டார்.

மறுநாள் சேவகனுக்கு வழியனுப்பு விழா நடந்தது. பால்பெட்டிக்குக் கதம்ப மாலை போட்டார்கள். நாச்சிமுத்து பேசும்போது, சேவகனைத் தான் பார்த்ததே இல்லை என்றும், ஆனால் அவர் தன்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேவகனுக்கு வைத்த வடையை, அவர் எடுக்காததால், நாச்சிமுத்துவே எடுத்துக்கொண்டார். பணிவிடுவிப்பு உத்தரவைத் தீவன லாரி டிரைவரிடம் கொடுத்தார்கள். லாரி போகும்வரை தாண்டவமூர்த்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே கையசைத்தார்.

கல்லாங்குத்துக் கிடங்கின் பொறுப்பாளர் பொன்னுரங்கம் பல வருஷமாக ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தவர். கேட்டால் இல்லை என்றே பழகியவருக்கு, லாரியிலிருந்து உத்தரவை நீட்டியதும் நம்ப முடியவில்லை.

"ஆளு எங்கேப்பா?"

"வந்துட்டாருன்னுதான் சொன்னாங்க," என்றார் டிரைவர். "பார்க்கவெல்லாம் முடியாதாம்."

பொன்னுரங்கம் சேவகனின் பெயரை வருகைப் பட்டியலில் ஏற்றினார். அவருடைய கிடங்கில் தாமதமாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் குறி போடுவது வழக்கம். சேவகன் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. டீக்குப் போய் வெகுநேரம் நிற்கவில்லை. மூட்டையைக் கிழிக்கவில்லை. முன்பணம் கேட்கவில்லை. தூசியைப் பற்றி ஒரு வார்த்தை முனகவில்லை. நவம்பர் கடைசியில் பொன்னுரங்கம் ஓய்வுபெறும்போது, இப்படிப்பட்ட ஊழியரைத் தன் காலத்தில் கண்டதில்லை என்றும், தன் இடத்துக்கும் அதே பிரிவிலிருந்து, முடிந்தால் அவருக்குப் பயிற்சி கொடுத்தவரையே அனுப்ப வேண்டும் என்றும் எழுதிவிட்டுப் போனார். மங்கையர்க்கரசி அதைப் படித்தார். தாண்டவமூர்த்திக்குப் பதவி உயர்வு கொடுத்தார்.

டிசம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை முற்பகல், தாண்டவமூர்த்தி கல்லாங்குத்துத் தீவனக் கிடங்கில் பணியில் சேர்ந்தார். அங்கே முன்னதாகச் சேர்ந்தவர் என்ற பணிமூப்பின்படி சேவகன் அவருக்கு மேலதிகாரி ஆனார். பிற்பகலில் தாண்டவமூர்த்தி, தூசி ஒத்துக்கொள்ளாத காரணத்தால் ஓய்வுபெறும் நாள்வரை மருத்துவ விடுப்புக் கேட்டுச் சேவகனிடம் விண்ணப்பித்தார். ஐந்து மணிவரை ஆட்சேபணை எதுவும் வராததால் வீட்டுக்குப் போனார்.